எழுதாமல் விட்ட எண்ணெய்

நான் திருட்டுத்தனமாகத் தின்னவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அதில் ஐந்து நாள் வாய்க்குள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடப் போகவில்லை. வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கையில் பழமும் வாயில் ஒரே கேள்வியுமாக வந்தார்கள். அப்படி என்னத்தைச் சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் நாகஜோதி. பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கணவர் பால்பாண்டி வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் வேறொரு கம்பெனியில் தர ஆய்வாளர். எங்களுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் கடைந்து தரும் பட்டறைகள் மூக்கண்டப்பள்ளித் தொழிற்பேட்டையில் இருக்கின்றன. தினமும் அங்கே போய், அவர்கள் செய்து வைத்திருப்பதை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன். எப்போதுமே கொஞ்சம் பருமனான உடம்புதான் எனக்கு. அந்த உடம்போடுதான் பேருந்தில் நின்றேன், பட்டறைப் படிகளில் ஏறி இறங்கினேன், ஒரு பெண்ணையும் பெற்று வளர்த்தேன். அதைப் பற்றி எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

கம்பெனியில் எல்லோருக்கும் வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை நடக்கும். எனக்கு நாற்பத்தொரு வயதான வருஷம் அதில் இரண்டு விஷயம் தெரியவந்தது. ஒன்று, சர்க்கரை. இன்னொன்று டிரைகிளிசரைடு என்றார்கள். அது ரத்தத்தில் மிதக்கிற ஒருவகைக் கொழுப்பு. எண்ணெய், நெய் மட்டுமல்ல, சர்க்கரையும் மாவுப் பண்டமும் தேவைக்கு மேல் போனாலும் உடம்பு மிஞ்சியதை அந்தக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விட்டுவிடுமாம். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்தார். சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி, காய்கறி, சூப், பழம் என்று மாறச் சொன்னார். பொரித்தது கூடாது, இனிப்பு கூடாது என்றார்.

அன்று மாலையே டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். நான்கு மணி போண்டாவை நிறுத்தினேன். மத்தியானச் சாப்பாடுதான் சிக்கலாக இருந்தது. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். ஐந்து மணிக்குச் சுட்டு எடுத்துப் போன சப்பாத்தி ஒரு மணிக்குத் தோல் வார் மாதிரி ஆகிவிடும். தொழிற்பேட்டைக்கு வெளியே, சாலையை ஒட்டி ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. அதன் மெனு அட்டையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பச்சை இலை படம் போட்டு 'ஆரோக்கிய உணவு' என்று அச்சடித்திருந்தார்கள். ஸ்வீட்கார்ன் சூப், மிருதுவான சப்பாத்தி, வெஜிடபிள் குருமா, முளைகட்டிய பயறு, பழச்சாறு. டாக்டர் சொன்ன பட்டியலை அப்படியே அச்சடித்த மாதிரி இருந்தது.

எட்டு மாதம் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. எதிரில் உட்கார்ந்தவர்கள் கொத்துப் பரோட்டாவும் பிரியாணியும் சாப்பிடுவார்கள். நான் சூப்பை ஊதி ஊதிக் குடிப்பேன். பழச்சாற்றில் சர்க்கரை வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். சாப்பிட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதுவது எனக்குத் தொழில், அதில் சோம்பல் கிடையாது.

எட்டு மாதம் கழித்து எடை பார்த்தபோது நான்கு கிலோ கூடியிருந்தது. கொழுப்பும் ஏறியிருந்தது. நோட்டை டாக்டரிடம் நீட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"அம்மா, நோட்டுல எழுதறது வேற, வாயில போறது வேற. எங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது?"

மறைக்கவில்லை என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்தே என்னால் படிக்க முடிந்தது. நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றுவதில்லை என்று எழுதியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் அதை எட்டிப் படித்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது அவர் என் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பஸ் பாஸ் தேடினேன் என்றார். அவருக்கு எதற்கு என் பஸ் பாஸ்? பையை வாங்கிக் கட்டிலின் மேல் கவிழ்த்தேன். மைக்ரோமீட்டர் டப்பா, கர்ச்சீப், மாத்திரை அட்டை, அந்த நோட்டு, சில்லறை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஈரத் தலையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். பசியோடு எட்டு மாதம் இருந்தவளுக்கு வீட்டிலேயே சோதனை.

வலி வந்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. மத்தியானம் வழக்கம்போலப் பச்சை இலைப் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு ஒரு பட்டறையில் அளந்துகொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி நேராக முதுகுவரை துளைத்தது. குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கியது, நிமிர்ந்தால் மூச்சு நின்றது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பட்டறைக்காரர் தன் வேனிலேயே என்னை ஏற்றி, நான் வழக்கமாகக் காட்டும் அதே மருத்துவமனைக்குக் கொண்டு போனார்.

முதலில் மாரடைப்பா என்று பார்த்தார்கள். இ.சி.ஜி. சரியாக இருந்தது. அப்புறம் வாயு என்றார்கள், ஊசி போட்டார்கள். வலி அசையவில்லை. ரத்தம் எடுத்துப் போன லேப் பெண் அரைமணி நேரத்தில் தானே அவசரப் பிரிவுக்கு வந்து, இந்த ரத்தம் யாருடையது என்று விசாரித்தாள். குழாயில் ஊற்றி இயந்திரத்தில் சுற்றித் தெளியவைத்தபோது மேலே மஞ்சள் நீராக நிற்க வேண்டியது வெள்ளையாக, பால் மாதிரி நின்றதாம். அதைக் கொண்டுவந்து காட்டினாள். என் உடம்புக்குள் இப்படி ஒன்று ஓடுகிறதா என்று பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய அந்தக் கொழுப்பு இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

நோயின் பெயர் கணைய அழற்சி. இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் கணையம்தான் சாப்பாட்டைக் கரைக்கும் சாற்றைச் சுரக்கிறது. அந்தச் சாறு குடலுக்குப் போய்த்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ரத்தத்தில் கொழுப்பு இப்படி எல்லை மீறினால், சிலருக்குச் சாறு கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். அதாவது கணையம் தன்னைத்தானே கரைக்கத் தொடங்கும். அதற்கு வைத்தியம் அதைச் சும்மா விடுவது. சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிடையாது. கையில் சலைனும் இன்சுலினும் வலி மருந்தும் ஏறும், மூக்கு வழியாக ஒரு குழாய் இரைப்பைக்குப் போகும்.

பெங்களூருக்குக் கொண்டு போகலாமா என்று என் கணவர் கேட்டார். வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றால் அதுவே ஆபத்து, இரண்டு நாள் இங்கேயே பார்ப்போம் என்றார் அதே டாக்டர். பலருக்கு இது தானாக அடங்கும், சிலருக்குச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், எந்தப் பக்கம் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் மயக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துத்தான் கட்டில் அருகிலேயே நின்று சொன்னார். எனக்கு எல்லாம் கேட்டது. செத்தால், டயட் கடைப்பிடிக்காமல் தின்று செத்தாள் என்றுதான் ஊர் சொல்லும் என்று நினைத்தேன். சாவைவிட அது எனக்குத் தாங்கவில்லை. அப்படி ஒரு பேரோடு போகமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலும் இரவும் ஒன்றுதான், விளக்கை அணைப்பதே இல்லை. வேலைக்கு இருந்த ஆயா லட்சுமம்மா கன்னடக்காரர். அவர்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் விசாரிப்பார்கள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பழக்கத்தில் "ஊட்ட ஆயித்தா?" என்று கேட்டுவிட்டு, என் மூக்குக் குழாயைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வார். மூன்றாம் நாள் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைத்துவிட்டார். அந்தக் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. பதினோராவது படிக்கும் என் மகள் வினோதா தினமும் சாயங்காலம் வருவாள். வருவதற்கு முன்னால் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். சாம்பார் வாசம் எனக்கு வந்துவிடக் கூடாதாம். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை, லட்சுமம்மா சொல்லித்தான் தெரியும்.

இடையில் ஏறியிருந்த காய்ச்சல் நான்காம் நாள் இறங்கியது. கணவருக்குப் பத்து நிமிஷம் அனுமதி கிடைத்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்பெனிச் சட்டையோடு நேராக ஷிப்ட் முடித்து வந்திருந்தார்.

"உன் பைய அன்னிக்கு நான் தேடுனேன்."

"தெரியும்."

"பிஸ்கட் கவர் எதும் கெடைக்கும்னு நெனச்சேன். கெடைக்கல." சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "கெடைக்கலன்னதும் நம்பியிருக்கணும்ல? நம்பல. நீ வெளியிலயே தின்னுட்டு வாறன்னு நெனச்சேன்."

தொண்டையில் குழாய் உரசியதால் எனக்குப் பேச்சு கரகரத்துத்தான் வந்தது. "இப்ப?"

"இப்ப நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் சரி."

நோட்டைக் கொண்டு வாருங்கள் என்றேன்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் நான்கைந்து பயிற்சி நர்ஸுகளோடு வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்று, சொன்ன உணவுமுறையைக் கடைப்பிடிக்காவிட்டால் இங்கேதான் வந்து நிற்கும் என்று என்னைக் காட்டி அவர்களுக்குப் பாடம் நடத்தினார். நான் கடைப்பிடித்தேன் சார் என்றேன். அவர் காதில் விழாத மாதிரி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். இந்த மருத்துவமனையில் உணவு ஆலோசகர் யாராவது இருந்தால் அவரைப் பார்க்காமல் நான் இங்கிருந்து போகமாட்டேன் என்று உரக்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற பர்வீன் என்பவர்தான் அங்கே உணவு ஆலோசகர். மறுநாள் வந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். மூக்குக் குழாயை அன்றுதான் எடுத்திருந்தார்கள். என் நோட்டை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். யாரும் அதுவரை அப்படிப் படித்ததில்லை. படித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அக்கா, இதெல்லாம் யாரு சமைச்சாங்க?"

நோட்டை வாங்கி நானும் புரட்டினேன். சூப் ஒன்று, சப்பாத்தி மூன்று, குருமா ஒரு கிண்ணம் என்று எட்டு மாதம் எழுதியிருந்தேன். அதற்குள் என்ன போயிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. என்னிடம் ஒரு பட்டறைக்காரன், பாகம் பளபளப்பாக இருக்கிறது, அளக்க வேண்டாம் என்று சொன்னால் விடுவேனா?

பர்வீன் ஒரு தாளில் கணக்கு எழுதினார். சாப்பாடு உடம்புக்குக் கொடுக்கும் சக்தியின் அளவுதான் கலோரி. செலவாகாத கலோரி கொழுப்பாகத் தங்கும். எண்ணெய் தடவாத சின்னச் சப்பாத்தி ஒன்றில் எண்பதிலிருந்து நூறு கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் நூற்றிருபது. சப்பாத்தி மிருதுவாக இருக்க மாவிலேயே டால்டா சேர்ப்பார்கள், சுட்டபின் மேலே தடவுவார்கள். குருமாவில் முந்திரியும் தேங்காயும் அரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை வதக்குவார்கள். சூப்பைக் கெட்டியாக்குவது சோள மாவு, மினுக்குவது வெண்ணெய். பழச்சாற்றுக்கான கூழில் சர்க்கரைப் பாகு முன்கூட்டியே கலந்திருக்கும், சர்க்கரை போடாதே என்று நான் சொன்னது அதற்கு மேல் போடும் கரண்டிக்கு மட்டும்தான். என் மத்தியானச் சாப்பாடு நானூறு கலோரி என்று நினைத்திருந்தேன். அவர் கூட்டியதில் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. எதிரில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களாவது ருசித்துச் சாப்பிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எட்டு மாதப் பசி எல்லாம் வீண். அதற்குப் பரிசாகப் பொய்க்காரி என்ற பெயர் வேறு.

எட்டாம் நாள் கஞ்சியிலிருந்து சாப்பாட்டுக்கு மாற்றினார்கள். மருத்துவமனை கேண்டீனிலிருந்து 'டயட்' என்று சீட்டு ஒட்டிய தட்டு வந்தது. இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சூப்பும். சூப்பைத் தொடாமல் ஆறவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மேலே வெண்ணெய் ஏடு கட்டிக்கொண்டது. லட்சுமம்மா கிண்ணத்தை எடுக்க வந்தார், வேண்டாம், இருக்கட்டும் என்றேன். டாக்டர் வந்ததும் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"சார், இது உங்க கேண்டீன்ல இருந்து டயட்னு சீட்டு ஒட்டி வந்துருக்கு. இப்ப நான் இதக் குடிச்சா, டயட் கடைப்பிடிச்சவளா, கடைப்பிடிக்காதவளா?"

அவர் கரண்டியால் ஏட்டை ஒதுக்கிப் பார்த்தார். கரண்டியில் அது ஒட்டிக்கொண்டு வந்தது. கேண்டீன்காரரைக் கூப்பிடச் சொன்னார். அந்த இடைவெளியில் நான் அடுத்ததைக் கேட்டுவிட்டேன். கோப்பில் என்னைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிட வேண்டும், எங்கள் வேலையில் தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவோம் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர் அந்த வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, சாப்பிட்டது ஹோட்டல் உணவு, அதில் சேர்த்த எண்ணெய், சர்க்கரையின் அளவு நோயாளிக்குத் தெரிந்திருக்கவில்லை என்று புதிதாக எழுதியிருந்தார். என்னிடம் நேராகவும் பேசினார். பழியை முழுக்க ஹோட்டல்மேல் போட முடியாது, அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட ஆயிரம் பேருக்கு இது வரவில்லை, என் ரத்தம் கொழுப்பைக் கரைக்கிற வேகம் பிறவியிலேயே குறைவாக இருக்கலாம் என்றார். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதை எட்டு மாதம் முன்னாலேயே யோசித்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் கோப்பை மூடி, எனக்கான நகலை எடுத்தார். என் கையில் கொடுத்த நகலில் அந்த மேல் வரியை நானே ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டேன். பில்லில் பெரும்பகுதியைக் கம்பெனிக் காப்பீடு பார்த்துக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போன முதல் நாளே அந்த ஹோட்டலுக்குப் போனேன். சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றேன். முதலாளி விடவில்லை. பின்பக்கம் போய், தண்ணீர் டிரம் அருகே பீடி பிடித்துக்கொண்டிருந்த மாஸ்டரைப் பிடித்தேன். கன்னடம் கலந்த தமிழ் பேசுகிற, வயதான மனிதர். நடந்ததைச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார். எதையும் மறைக்கவில்லை.

"மாவு மெத்தகே, மெத்துன்னு இல்லாட்டி தட்டு திரும்பி வந்துடுது மேடம். காலையில பிசைஞ்சது ராத்திரி வரைக்கும் நிக்கணும், டால்டா போடாம எப்படி?"

ஆரோக்கிய உணவுக்குமா என்றேன்.

"அந்தப் பச்ச எலப் பக்கமா? அது மொதலாளி பிரிண்ட் போட்டது. கிச்சன்ல ஒரே குருமாதான்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். டால்டா சேர்க்காமல் எனக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். முன்னாலேயே சொல்லிவிட்டால் தனியாகப் பிசைந்து தருகிறேன் என்றார்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இப்போது வாரத்தில் நான்கு நாள் என் கணவர்தான் காலையில் எழுந்து எனக்கு டப்பா கட்டுகிறார். எண்ணெயைக் கரண்டியில் அளந்து, நோட்டில் அவரே எழுதுகிறார். ஆனால் ஐந்தாவது நாள் நான் அந்த ஹோட்டலுக்குப் போகிறேன். வெளியில் சாப்பிடுவது ஒன்றும் குற்றமில்லை. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு வீட்டில் டப்பா கட்ட ஆள் கிடையாது. ஏழு கிலோ குறைந்திருக்கிறேன். இன்னும் பருமனாகத்தான் இருக்கிறேன், இருந்துவிட்டுப் போகிறேன். ரத்தம் சரியாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஹோட்டல் நிறைந்திருந்தது. சர்வரிடம், இன்றைய குருமாவில் முந்திரி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, சூப்பில் மாவு கலந்திருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன். அவர் கேட்டுவர உள்ளே போனார். பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"மேடம், தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க, சொல்றேன். இப்படிக் கேட்டா எல்லார் காதுலயும் விழுது."

"விழட்டும்," என்றேன்.